தொட்டிக்கு இரண்டு ஓட்டை

ஒரு நகரம் தன் மரங்களை எந்த உயரத்தில் நிறுத்துகிறதோ, அந்த உயரத்தில்தான் அதன் நாகரிகமும் நிற்கிறது. பூங்காக் கண்காணிப்பாளர் இதைச் சொன்னபோது அலுவலகச் சுவரில் முதுகை ஒட்டி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். தச்சன் அளவுநாடாவின் ஒரு முனையைத் தரையில் மிதித்துக்கொண்டு, மறுமுனையை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்திருந்தான். முனை நகர்ந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தபோது, சார் குதிகாலை லேசாகத் தூக்கியிருப்பது தெரிந்தது.

"எவ்வளவு வருது?"

"அஞ்சடி ரெண்டு அங்குலம் சார்."

"அதான் கண்மட்டம். எழுதிக்கோ. மரத்தை ஜனங்க குனிஞ்சு பாக்கக் கூடாது. அண்ணாந்து பாக்கணும்."

எழுதிக்கொண்டான். குதிகாலைக் கழித்துவிட்டு எழுத அவனுக்குத் தைரியம் வரவில்லை.

கண்காணிப்பாளரைப் பூங்காவில் எல்லோரும் 'மைக் சார்' என்பார்கள். கையில் மைக் கிடைத்தால் பேட்டரி தீர்ந்தால்தான் திருப்பிக் கொடுப்பார். இந்த முறை அவர் கையில் கிடைத்தது போன்சாய் பகுதி. பூங்காவின் நடுவில், கம்பிவலை போட்ட கூரைக்குக் கீழே முப்பத்தாறு குட்டை மரங்கள் இருந்தன. செங்கல் அடுக்கி, அதன் மேல் இடைவெளி விட்டுப் போட்ட பழைய பலகைகளில் அவை இடுப்புயரத்துக்கு வரிசையாக நின்றன. ஊற்றுகிற தண்ணீர் சந்து வழியாக மண்ணில் இறங்கிவிடும். மரங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் போன வருடம் பார்வையிட வந்த பூங்கா வாரிய உறுப்பினர் ஒருவர், "இது கண்காட்சியா, கத்தரிக்காய்க் கடையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மைக் சாரைப் பல மாதங்கள் தூங்கவிடவில்லை.

அளவெடுப்பதற்கு முன்பே தச்சன் மாதிரிக்கு ஒரு பெஞ்சு செய்து காட்டியிருந்தான். அதற்கு அவன் யாரையும் சுவரில் நிறுத்தவில்லை. தண்ணீர் ஊற்றுகிற குட்டையக்கா பூவாளியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவள் முழங்கை எங்கே இருந்ததோ, அந்த உயரத்தில் வைத்தான். பலகைகளுக்கு நடுவே ஒரு விரல் சந்து விட்டான். குட்டையக்கா ஒரு தொட்டியை எடுத்து அதில் வைத்துப் பார்த்தாள். தூக்கினாள், கால் வட்டம் திருப்பினாள், மறுபடியும் வைத்தாள். வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு மரத்தையும் அப்படித் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் வெயில் படும் பக்கம் மட்டும் தழைத்து, மறுபக்கம் சொட்டையாகிவிடும். தொட்டியைத் தூக்கும்போதே அதன் கனத்தை வைத்துத் தண்ணீர் போதுமா போதாதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"இழைப்புளித் தம்பி, இந்தப் பத்தொம்போது வருசத்துல எனக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது இது ஒண்ணுதான்," என்றாள். "தையல்காரன்கூட எனக்குக் கண்ணளவுதான் எடுப்பான்."

கையில் கிடைக்கிற எதையும் இழைத்து இழைத்து வழவழப்பாக்கிவிடுவான் என்பதால் தச்சனுக்கு அந்தப் பெயர். அவளுக்குக் குட்டையக்கா என்ற பெயரை வைத்தது அவளேதான். "மரமும் குட்டை, நானும் குட்டை. முகம் பாக்கக் கண்ணாடி தேவையில்லேன்னுதான் என்னை இங்க போட்டாங்க" என்பாள்.

மைக் சார் மாதிரி பெஞ்சைச் சுற்றி இரண்டு முறை வந்தார். "சந்து சந்தா... மறுபடியும் அதே கத்தரிக்காய்க் கடை" என்றார்.

இரண்டாவது வரைபடத்தை அவரே போட்டார். அஞ்சடி இரண்டு அங்குல உயரம். முன்னும் பின்னும் தரைவரை பலகையால் அடைப்பு, பின்பக்கம் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு. மேலே ஒரே பரப்பாக, முகம் தெரிகிற மெருகு. பார்க்க வருகிறவர்களின் செருப்பில் தண்ணீர் சொட்டாமலிருக்க விளிம்பைச் சுற்றி அரை அங்குல வரப்பு.

"தண்ணி எங்க சார் போகும்?" என்று தச்சன் கேட்டான்.

"உள்ளுக்குள்ள விழட்டும். தொட்டிக்கு ரெண்டு ஓட்டை. தொட்டிக்கு அடியில போடு, கண்ணுல படக் கூடாது. இதையெல்லாம் நான் சொல்லியா தரணும்?"

மைக் சார் அன்று சொன்னவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.

தச்சன் இரண்டு மாதம் வேலை செய்தான். மூன்று நீள பெஞ்சுகள். ஒட்டிய இடம் தெரியாமல் பலகைகளை ஒட்டினான். உப்புத்தாளை மூன்று ரகம் மாற்றி மாற்றித் தேய்த்து, ஏழு பூச்சு வார்னிஷ் அடித்தான். கடைசிப் பூச்சு காய்ந்த காலையில் கூரையின் கம்பிவலை, வலைக்கு மேலே போன மேகம், தன் தலையில் ஒட்டியிருந்த மரத்தூள், எல்லாம் அதில் தெரிவதைப் பார்த்தான். பதினோரு வருடமாக அந்தப் பூங்காவில் அவன் செய்தது வேலி, குப்பைக்கூடைச் சட்டம், கழிவறைக் கதவு. 'ஆண்கள்', 'பெண்கள்' என்று எழுதிய பலகைகளையும் அவன்தான் செய்தான். ஒரு கதவைப் பார்த்து இதுவரை யாரும் நின்றதில்லை.

துளைக்கும் மிஷினைக் கையில் எடுத்தான். முனையைப் பலகையில் வைத்தான். வார்னிஷ் சில்லுச் சில்லாகத் தெறிக்குமே என்று நினைத்தான். எழுபத்திரண்டு ஓட்டை. மிஷினை ஓரமாக வைத்துவிட்டு, திறப்பு விழா முடியட்டும், பிறகு உள்ளிருந்து போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான்.

அன்று சாயந்திரம் வேலை முடிந்ததற்கான தாள் வந்தது. உயரம், மெருகு, வடிகால் துளை என்று மூன்று கட்டங்கள். மூன்றிலும் 'சரி' போட்டுக் கீழே கையெழுத்திட்டான். அவனைப் பணி நிரந்தரம் செய்கிற பரிந்துரையோடு அந்தத் தாளையும் இணைத்து அனுப்புவதாக மைக் சார் சொல்லியிருந்தார்.

"உன் விஷயம் என் மனசுல இருக்கு," என்றார். ஆறு வருடமாக அது அங்கேதான் இருந்தது. இப்போதுதான் முதல் முறையாகக் காகிதத்துக்கு வந்திருக்கிறது.

விழா பிரமாதமாக நடந்தது. மைக் சார் நகரம், மரம், நாகரிகம் மூன்றையும் முக்கால் மணி நேரம் பேசினார். நடு பெஞ்சின் மையத்தில் ஊசியிலை மரம் ஒன்று இருந்தது. 'வயது 200' என்று பித்தளைத் தகட்டில் அவரே எழுதி வைத்திருந்தார். எல்லோரும் அண்ணாந்து பார்த்து, கைதட்டினார்கள். கடைசி வரிசையில் நின்ற குட்டையக்கா தச்சனின் காதருகே வந்தாள்.

"இந்த இருநூறு வயசுக்காரரை நர்சரியிலேருந்து பஸ்ஸுல என் மடியில வச்சுத்தான் கொண்டாந்தேன். அப்போ இவருக்கு என் பையன் வயசு. ஒண்ணாப்பு."

தச்சன் சிரிப்பை அடக்க இருமினான்.

மறுநாள் சிரிப்பு குறைந்தது. பெஞ்சின் மேல்பரப்பு குட்டையக்காவின் தலையைவிட உயரத்தில் இருந்தது. நாலு செங்கலை அடுக்கி ஏறினாள். மைக் சார் பார்த்துவிட்டு, காட்சி கெடுகிறது என்று செங்கலை அள்ளச் சொன்னார். முக்காலி கேட்டாள். "முக்காலி போட்டா கத்தரிக்காய்க் கடைக்கும் நமக்கும் என்னம்மா வித்தியாசம்?" என்றார். பூவாளியைத் தலைக்கு மேலே தூக்கி, மண்ணைப் பார்க்காமலே ஊற்ற வேண்டியிருந்தது. தொட்டியைத் தூக்கிக் கனம் பார்க்க முடியவில்லை. இலையில் விழுந்தது பாதி, சட்டைக்குள் வழிந்தது பாதி.

நாலாவது நாள் குட்டையக்கா தச்சனின் கொட்டகைக்கு வந்தாள். முழங்கை வரை ஈரம்.

"தம்பி, மேல தண்ணி நிக்குது. கையால தடவிப் பாத்தேன். தொட்டியெல்லாம் கால் நனைச்சுக்கிட்டு நிக்குதுங்க. ஓட்டை போட்டியா இல்லையா?"

"போடணும்க்கா. வெள்ளிக்கிழமை போட்டுடறேன்."

"போட்டாச்சுன்னு எழுதிக் குடுத்தியாமே?"

"வெள்ளிக்கிழமை கட்டாயம்க்கா."

அந்த வெள்ளிக்கிழமை யாரோ படம்பிடிக்க வந்துவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் மிஷினோடு போய், பின்கதவைத் திறந்து உள்ளேயும் நுழைந்தான். அப்போது வெளியே ஒரு கணவனும் மனைவியும் வந்து நின்றார்கள். "பெஞ்சைப் பாரேன், கண்ணாடி மாதிரி. மரத்தைவிட இதுதான் அழகா இருக்கு" என்று அவள் சொன்னாள். தச்சன் உள்ளே, குனிந்த தலையோடு, அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மிஷினை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான். மூன்றாவது வெள்ளிக்கிழமை மழை.

குட்டையக்கா ஒரு கழியில் துணி சுற்றி, எட்டின வரைக்கும் ஒற்றி எடுத்தாள். விளிம்பு வரிசை தப்பித்தது. மையத்துக்கு அவள் கழி எட்டவில்லை.

வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்குத்தான் வாடகைக்கு விடுவார். அவன் மனைவி ஆறு மாதத்துக்கு முன்னால், "எங்க வீட்டுக்காரரு பர்மனென்ட்" என்று சொல்லித்தான் இரண்டு அறையும் தண்ணீர்க் குழாயும் உள்ள அந்த வீட்டைப் பிடித்தாள். இப்போது வீட்டுச் சொந்தக்காரர் பணி நிரந்தர ஆணையின் நகலைக் கேட்கத் தொடங்கியிருந்தார்.

"இன்னைக்கும் படியில நின்னு கேட்டாருங்க. பீரோவுல இருக்கு, சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன்," என்றாள் மனைவி.

"நம்மகிட்ட பீரோவே இல்லையே."

"அது அவருக்குத் தெரியும்ங்க. போன வாரம்தான் சாமான் வைக்க இடம் இருக்கான்னு உள்ள வந்து பாத்துட்டுப் போனாரு."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாசக் கடைசி வரைக்கும்தான் டயம் குடுத்திருக்காரு" என்றாள்.

ஊசியிலை மரம் பின்பக்கத்திலிருந்து பழுத்தது. மைக் சார் பச்சையாக இருந்த பக்கத்தை முன்னால் திருப்பி வைக்கச் சொன்னார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் திருப்பினார்கள். ஐந்தாவது வாரம் திருப்புவதற்குப் பக்கம் இல்லை. தொட்டியைக் கீழே இறக்கியபோது வேர் அழுகின நாற்றம் அடித்தது. இருநூறு வருடப் பொக்கிஷம் பட்டுப்போனது என்று பத்திரிகையில் பெட்டிச் செய்தி வந்தது. ஆறடி மரம் விழுந்திருந்தால் ஒரு வரிகூட வந்திருக்காது.

விசாரணை வைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் வாரியத்திலிருந்து வந்த இருவர், நடுவில் மைக் சார். மேஜை மேல் செத்த மரம், தகட்டோடு இருந்தது. குட்டையக்கா நின்றுகொண்டிருந்தாள். தச்சனுக்கு மட்டும், எழுதிக் கொடுக்கிற வேலை இருக்கலாம் என்று, ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் முழுதாக உட்காரவும் முடியாமல் எழுந்திருக்கவும் தோன்றாமல் நுனியில் இருந்தான்.

"இருநூறு வருசம் வாழ்ந்த உயிரைத் தண்ணி ஊத்தியே கொன்னுருக்கீங்க," என்றார் வாரியத்துக்காரர் ஒருவர்.

"இருபது வருசம்கூட ஆகலீங்க அய்யா. நான்தான் மடியில வச்சு..."

"தகட்டுல போட்டிருக்கு பாரும்மா."

மைக் சார் தகட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"ஊத்துனது அதிகம் இல்லீங்க. ஊத்துனது போகல. மேல குளமா நிக்குது," என்றாள் குட்டையக்கா. "ஓட்டை இல்லீங்க அய்யா."

வாரியத்துக்காரர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். "வடிகால் துளை, சரின்னு போட்டுக் கையெழுத்து இருக்கே. யாரு கையெழுத்து இது?"

"என்னுதுங்க," என்றான் தச்சன்.

"ஓட்டை போட்டீங்களா?"

அவன் குட்டையக்காவைப் பார்க்கவில்லை. செத்த மரத்தின் அடியில் மேஜையில் பரவியிருந்த ஈர வட்டத்தைப் பார்த்தான். அந்தத் தாளுக்குப் பின்னால் குண்டூசி குத்தியிருந்த இன்னொரு தாளின் ஓரம் தெரிந்தது. அது அவனுடைய பரிந்துரை.

"போட்டிருக்குங்க," என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தொட்டிக்கு ரெண்டு. அடியில இருக்கு. அக்காவுக்கு எட்டாததனால தெரிஞ்சிருக்காது."

குட்டையக்கா அவன் பக்கம் திரும்பினாள். கோபம் வந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். தவறான விலாசத்துக்கு வந்துவிட்டவள் கதவு எண்ணை மறுபடி படிப்பதுபோல அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தம்பி சொன்னா சரியாத்தாங்க இருக்கும். எனக்கு எட்டாதுங்கறது உண்மைதான்."

அவளைப் பின்வாசல் கழிவறைக்கு மாற்றினார்கள். வேலையை விட்டு எடுக்காததே தன் பரிந்துரையால்தான் என்று மைக் சார் எல்லோரிடமும் சொன்னார். போன்சாய்க்கு வேறு ஆள் போடும் கோப்பு மேலே போயிருந்தது. வாரியத்துக்காரர்கள் திங்கட்கிழமை பத்து மணிக்கு பெஞ்சுகளை நேரில் பார்த்துப் படம் எடுத்து அறிக்கையில் சேர்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வெளியே வரும்போது மைக் சார் தச்சன் தோளில் கைவைத்தார்.

"அடியில என்ன இருக்குன்னு அவங்க பாத்தாலும் பாப்பாங்க," என்றார்.

அடுத்த மூன்று நாளும் தச்சன் பின்வாசல் வழியாக வரவில்லை. முன்வாசலைச் சுற்றி வந்தால் கால் மணி நேரம் கூடும். மனைவி அவன் ஏன் சீக்கிரம் கிளம்புகிறான் என்று கேட்டாள். வேலை அதிகம் என்றான். பரிந்துரை கையெழுத்தாகிவிட்டது என்று அவன் சொன்னபோது அவள் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கழிவறைக் கதவின் தாழ்ப்பாள் கழன்றிருக்கிறது, தச்சனை அனுப்புங்கள் என்று பின்வாசலிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. ஆணி இல்லை என்று சொல்லி அனுப்பினான். மேஜை இழுப்பறை நிறைய ஆணி இருந்தது.

திங்கட்கிழமை வாசல் திறக்கும் முன்பே, ஆறரை மணிக்கு, மிஷினை எடுத்துக்கொண்டு போனான். முதல் பெஞ்சை முடித்துவிட்டு நடு பெஞ்சின் பின்கதவைத் திறந்து உள்ளே நுழைந்து, கதவை ஒருக்களித்து வைத்தான். நிமிர முடியாது. கழுத்தை மடித்து, முழங்காலை வளைத்து நிற்க வேண்டும். மேலே தொட்டிகளைத் தொட்டுவிடாமலிருக்க, பலகையின் கனத்தை அளந்து துளைமுனையில் அந்த அளவுக்கு நாடா ஒட்டியிருந்தான். தொட்டி நிற்கும் இடங்களைக் கீழ்ப்பக்கம் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டான். மரத்தூள் கண்ணில் விழுந்தது. அதன் பின்னால் தேங்கிக் கிடந்த தண்ணீர் நூலாக இறங்கி மணிக்கட்டு வழியாக அக்குள் வரை ஓடியது. வேலை சுத்தமாக நடந்தது. ஓட்டைக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நடு பெஞ்சில் பதினாறாவது ஓட்டை முடிந்தபோது வெளியே காலடிச் சத்தம் கேட்டது. மிஷினை நிறுத்தினான். பலகைகள் சேரும் இடத்தில் ஒரு சின்ன இடுக்கு இருந்தது. அதில் கண்ணை வைத்தான்.

குட்டையக்கா. கழிவறைக்காகக் கொடுத்திருந்த நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். ஒரு கையில் பூவாளி, மறுகையில் கழிவறை வாளி. வாளியைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் ஏறினாள். வாளி ஒரு பக்கம் சாய்ந்தது. இறங்கி, நகர்த்தி வைத்து, மறுபடியும் ஏறினாள். அவளுடைய வேலை ஏழு மணிக்குத்தான் ஆரம்பம். புது ஆள் இன்னும் வரவில்லை. மரங்களுக்கு மூன்று நாளாக யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று தான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை என்பது தச்சனுக்கு அப்போதுதான் தோன்றியது.

அவள் முதல் தொட்டியில் ஊற்றினாள். தண்ணீர் மண்ணில் இறங்கி, தொட்டியிலிருந்து கசிந்து, புது ஓட்டை வழியாக உள்ளே விழுந்தது. மேலே பூவாளி நின்றது. பலகையை ஒரு கை தடவிப் பார்ப்பது கேட்டது. உள்ளங்கை மெருகில் தேயும் சத்தம், அங்கும் இங்குமாக.

"அட," என்றாள் மெதுவாக.

பிறகு வாளியை நகர்த்தி நகர்த்தி, ஏறி ஏறி, அடுத்த தொட்டி, அதற்கடுத்தது என்று ஊற்றிக்கொண்டே வந்தாள். அவன் நகர்ந்தால் காலடியில் மரத்தூள் கரகரக்கும். நகரவில்லை. ஒவ்வொரு தொட்டியாகத் தண்ணீர் கிட்டத்தில் வந்தது. நேராக மேலே இருந்த தொட்டிக்கு அவள் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டான். நெற்றியிலும் மூக்கிலும் உதட்டிலும் விழுந்தது.

வரிசை முடிந்ததும் கீழே இறங்கினாள். வாளியை எடுக்கும் சத்தம் கேட்டது. முன்பலகையில் விரலால் இரண்டு தட்டு.

"தம்பி, பின்கதவு ஒருக்களிச்சுக் கிடக்கு. நல்லா சாத்திக்கோ. யாராவது பாத்துடப் போறாங்க."

அவள் பின்வாசல் பக்கம் நடந்து போவது கேட்டது. கேட்காமல் போன பிறகும் அவன் வெளியே வரவில்லை.

அன்று உரம் போடுகிற நாள். அவள் ஊற்றியது ஒரு வாரம் புளித்த பிண்ணாக்குத் தண்ணீர்.